திரை இல்லாத கருவிகள்: அனலாக் டிரம் மெஷினும் சிந்தசைசரும் பழக ஒரு வழிகாட்டி

ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினின் முகப்பில் திரை கிடையாது, மெனுவும் கிடையாது. கீழ்வரிசையில் 16 பட்டன்கள், நான்கு நான்காக சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. மேலே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சில குமிழ்கள். அந்த இயந்திரத்தால் செய்யக்கூடியது அத்தனையும் கண்ணெதிரே இருக்கிறது. இன்று கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான டிரம் ஒலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் 1980இல் வந்த இந்தப் பெட்டியையும் அதன் வழியில் வந்தவற்றையும் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் குறையவில்லை. பழைய பொருள் மீதான ஆசை மட்டும் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. குமிழைத் திருகிய அதே நொடியில் ஒலி மாறுகிறது. எவ்வளவு திருகினால் எவ்வளவு மாறும் என்பது சில வாரங்களில் விரலுக்கே பழகிவிடுகிறது. அப்புறம் யோசித்துச் செய்வது குறைந்து, கேட்டுக்கொண்டே செய்வது கூடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: எல்லாக் குமிழும் கண்ணில் படுவதால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திருகிப் பார்ப்பார்கள். எந்தக் குமிழ் என்ன செய்தது என்றே தெரியாமல் போய்விடும். கீழே நான் சொல்லும் வரிசை முழுவதும் இதைத் தவிர்ப்பதற்காகத்தான். ஒரு நேரத்தில் ஒரு குமிழ் போதும்.

எதை வாங்குவது

அசல் டிஆர்-808 வாங்கித்தான் பழக வேண்டும் என்று இல்லை. 1980 முதல் 1983 வரை ஏறத்தாழ 12,000 பெட்டிகள்தான் செய்யப்பட்டன. அதன் இரைச்சல் ஒலிக்காக, தரச்சோதனையில் தேறாத டிரான்சிஸ்டர்களைப் பொறுக்கி வாங்கினார்கள். செமிகண்டக்டர் தயாரிப்பு மேம்பட்டதும் அந்த மாதிரி டிரான்சிஸ்டர் கிடைக்காமல் போனதால்தான் உற்பத்தியை நிறுத்தினோம் என்று ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி சொல்லியிருக்கிறார். மிஞ்சியிருக்கும் பெட்டிகளின் விலை இன்று லட்சங்களில். சிந்தசைசர்களில் (மின்சர்க்யூட்டில் ஒலியை உருவாக்கி வாசிக்கும் கருவிகள்) பேர்போன அசல் மினிமூகும் அப்படியே.

டிரம் மெஷினுக்கு கோர்க் வோல்கா பீட்ஸ், பெரிங்கர் ஆர்டி-6 அல்லது ஆர்டி-8 பார்க்கலாம். ஆர்டி-6 ரோலண்டின் டிஆர்-606ஐயும், ஆர்டி-8 டிஆர்-808ஐயும் ஒட்டியவை. வோல்கா பீட்ஸில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (‘ஸ்ஸ்’ சேர்ந்து ஒலிக்கும் டிரம்), டாம், ஹை-ஹாட் (ஜோடித் தட்டு) அனலாக், அதாவது சர்க்யூட்டே உருவாக்கும் ஒலிகள். கிளாப் (கைத்தட்டல்) போன்ற சில ஒலிகள் மட்டும் பதிவு செய்யப்பட்டவை. சிந்தசைசருக்கு கோர்க் எம்எஸ்-20 மினி, மோனோலாக், பெரிங்கர் மாடல் டி ஆகிய மூன்றில் எதுவும் சரி. ரோலண்டின் டிஆர்-08 உள்ளே டிஜிட்டல்தான், ஆனால் முகப்பு பெரும்பாலும் பழைய 808 மாதிரியே இருக்கும். என் கணிப்பில், பழகுகிறவருக்கு உள்ளே அனலாகா டிஜிட்டலா என்பது இரண்டாவது கேள்வி. ஒரு குமிழுக்கு ஒரு வேலைதானா என்பதுதான் முதல் கேள்வி. ஷிஃப்ட் பட்டனை அழுத்தி இன்னொரு வேலை, இரண்டு தடவை அழுத்தி மூன்றாவது வேலை என்று போகிற கருவியைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டையும் ஒரே நாளில் வாங்கவும் வேண்டாம். முதலில் டிரம் மெஷின், சில மாதம் கழித்து சிந்தசைசர்.

மின்சாரம், கேபிள்

ஜப்பானில் விற்ற பழைய கருவிகள் 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவில் விற்றவை 120 வோல்ட்டை ஒட்டியும் வடிவமைக்கப்பட்டவை. நம் வீட்டில் வருவது 230. பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் நேரே சுவரில் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களில் கிடைக்கும். எத்தனை வாட் வேண்டும் என்பதைக் கருவியின் பின்பக்கத்திலேயே பார்த்து, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள்.

அடாப்டரில் ஓடும் கருவிகளுக்கு வேறு ஆபத்து உண்டு. 9 வோல்ட் என்று இரண்டிலும் போட்டிருக்கும், ஆனால் பின்னின் நடுப்பகுதி ஒன்றில் பாசிட்டிவாகவும் இன்னொன்றில் நெகட்டிவாகவும் இருக்கும். வோல்காவுக்கு நடுவில் பாசிட்டிவ். ரோலண்டின் பல அடாப்டர்களில் நடுவில் நெகட்டிவ். கருவியிலும் அடாப்டரிலும் இருக்கும் சின்ன வட்டப்படம் ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

கேட்பதற்கு மொபைல், லேப்டாப் ஸ்பீக்கர் உதவாது. 808 கிக்கின் அடிநாதம் சுமார் 50 ஹெர்ட்ஸில் இருக்கிறது. சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. ஒலி அடங்க எடுக்கும் நேரத்தை மாற்றும் டிகே குமிழைத் திருகினாலும் ஒன்றும் மாறாதது போலத் தோன்றும். சுமாரான ஹெட்ஃபோன் ஒன்று போதும். வால்யூமை எப்போதும் பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள். அனலாக் கருவிகள் எதிர்பாராத இடத்தில் உரக்கக் கத்தும், காதுக்கு அது நல்லதல்ல. ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் காலங்குல ஜாக்கை நம் கடைகளில் பி-38 பின் என்பார்கள்.

முதல் தாளம்

16 பட்டன்களும் ஒரு சுற்றின் 16 படிகள். பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், அந்தப் படியில் ஒலி வரும். மறுபடி அழுத்தினால் போய்விடும். அடிப்படை இவ்வளவுதான்.

வேகத்தை நிமிடத்துக்கு 120 அடியாக வையுங்கள். அசல் 808இல் வேகத்தைக் காட்டும் எண்ணே கிடையாது, குமிழ் மட்டும்தான். அதனால் சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்து, நொடிக்கு இரண்டு கிக் விழும்படி திருகிப் பழகலாம். எண் காட்டும் கருவி வைத்திருப்பவர்களும் ஒருமுறை இதைச் செய்து பார்ப்பது நல்லது. 120இல் ஒரு படி நொடியில் எட்டில் ஒரு பங்கு. முழுச் சுற்று 2 நொடி.

கிக்: 1, 5, 9, 13

இதை மட்டும் ஓடவிட்டு, கிக்கின் டிகே குமிழை இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை மெதுவாக நகர்த்துங்கள். அரை நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் கட்டையான ‘டொக்’. வலப்பக்கம் போகப்போக ஒலி நீண்டு, அடுத்த கிக் வரும்வரை அடியில் முனகிக்கொண்டே இருக்கும். இப்போது 5, 9, 13ஐ அணைத்துவிட்டு 1ஐ மட்டும் வைத்து அதே நீளத்தைக் கேளுங்கள். அடிகள் குறைந்ததும் அதே டிகே வேறு பொருளாகிவிடுகிறது, கிட்டத்தட்ட ஒரு பேஸ் கிட்டார் போல. ஹிப் ஹாப்பில் கேட்கும் அந்த நீண்ட அடி இதிலிருந்து வந்ததுதான்.

ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கை இன்னும் தெளிவாக வேலை செய்யும். உள்ளே கிக்குக்கென்று எந்த ஒலிப்பதிவும் இல்லை. மின்துடிப்பு ஒன்று ஒரு சர்க்யூட்டைத் தட்டுகிறது. தட்டிய மணி போல அந்த சர்க்யூட் அதிர்ந்து அடங்குகிறது. டிகே குமிழ் செய்வது, அதிர்வில் ஒரு பங்கை மறுபடி உள்ளே திருப்பி ஊட்டுவது. அதிகம் ஊட்டினால் அதிக நேரம் அதிரும். முந்தைய அடி அடங்குவதற்குள் அடுத்த துடிப்பு வந்தால் இரண்டும் கலக்கும். அதனால்தான் ஒரே மாதிரி நிரலிட்ட இரண்டு கிக்குகள்கூட அசலில் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. கம்ப்யூட்டரில் ஒரே ஒலித்துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும்போது இது கிடைக்காது.

சரி, 5, 9, 13ஐத் திரும்ப எரியவிட்டு, மற்ற வாத்தியங்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

கிளாப்: 5, 13
மூடிய ஹை-ஹாட்: 1, 5, 9, 13
திறந்த ஹை-ஹாட்: 3, 7, 11, 15

திறந்த ஹாட்டின் டிகேயை முழுதாகக் கூட்டினாலும், அடுத்த மூடிய ஹாட் வந்ததும் அது நறுக்கென்று அடங்கிவிடும். நிஜ டிரம் செட்டில் பெடலை மிதித்துத் தட்டுகளை மூடுவதை அப்படியே சர்க்யூட்டில் கொண்டுவந்திருக்கிறார்கள். மூடிய ஹாட்டில் 5ஐ மட்டும் அணைத்துப் பாருங்கள். அந்த ஓர் இடத்தில் மூச்சு விட்டது போல் இருக்கும். படி ஒன்றை எடுப்பதும் ஒரு வாசிப்புதான் என்பது அங்கே புரியும்.

ஸ்னேரில் ஸ்னாப்பி என்றொரு குமிழ் இருக்கும். தோலின் ஓசைக்கு மேல் எவ்வளவு ‘ஸ்ஸ்’ சேர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. கௌபெல்லுக்கு வால்யூம் தவிர எதுவுமில்லை. ஏறத்தாழ 540, 800 ஹெர்ட்ஸில் இரண்டு சதுர அலைகள் சேர்ந்து வரும் அந்த ஒலி நிஜ மணி போலவே இருக்காது, ஆனால் எங்கே கேட்டாலும் 808 என்று சொல்லிவிடலாம்.

கடைசியாக ஆக்சென்ட். எந்தப் படியில் போடுகிறீர்களோ அந்தப் படியில் விழும் எல்லா ஒலியும் கொஞ்சம் உரக்க வரும். முதல் நாளே இதைத் தொடுங்கள். தட்டையாக ஓடும் தாளத்துக்கு நடை கொடுப்பது பெரும்பாலும் ஆக்சென்ட்தான். 1, 4, 7, 11, 14 என்று போட்டுப் பாருங்கள்.

16இல்தான் முடிய வேண்டும் என்று கட்டாயமில்லை. பெரும்பாலான டிரம் மெஷின்களில் கடைசிப் படியை மாற்றலாம். இரண்டு படியை ஓர் எண்ணிக்கையாகக் கொண்டு, 14இல் முடித்து, 1, 7, 11இல் கிக் வைத்தால் மூன்று, இரண்டு, இரண்டு என்ற மிஸ்ர சாபு. 10இல் முடித்து 1, 5இல் வைத்தால் இரண்டு, மூன்று: கண்ட சாபு. கையில் தாளம் போட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். எனக்கு இந்தப் பெட்டிகள் மீது பிடிப்பு வந்ததே பதினாறை விட்டு வெளியே வந்த பிறகுதான்.

சிந்தசைசர்: ஒரே ஒரு சுரத்தில் தொடங்குங்கள்

1970இல் வந்த மினிமூகின் முகப்பை இடமிருந்து வலமாகப் படிக்கலாம். ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர்கள் மூன்று, அவற்றைக் கலக்கும் மிக்சர், கலந்ததை வடிகட்டும் ஃபில்டர், அது எப்போது எழுந்து எப்போது அடங்க வேண்டும் என்று சொல்லும் என்வலப், கடைசியில் வால்யூம். பெரிங்கர் மாடல் டியிலும் இதே ஒழுங்கு. மற்றவற்றில் இடம் கொஞ்சம் மாறினாலும் ஒலி போகும் பாதை இதுதான்.

முதலில் எல்லாவற்றையும் அமைதிப்படுத்துங்கள். ஒரே ஆசிலேட்டர், ரம்ப அலை. ஃபில்டரின் கட்ஆஃப் (எதற்கு மேல் வெட்ட வேண்டும் என்று சொல்லும் குமிழ்) முழுதாகத் திறந்து. வெட்டும் இடத்தைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸ் பூஜ்யம், மினிமூக் வகையில் இதற்கு எம்ஃபசிஸ் என்று பெயர் போட்டிருக்கும். ஃபில்டருக்குப் போகும் என்வலப் அளவும் பூஜ்யம். ஒலியளவின் என்வலப்பில் அட்டாக் (ஒலி எழ எடுக்கும் நேரம்) பூஜ்யம், சஸ்டெயின் (கட்டையைப் பிடித்திருக்கும்வரை நிற்கும் அளவு) முழுமை. இப்போது கீபோர்டின் கீழ்ப்பகுதியில் ஒரு கட்டையை இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். கரகரப்பாக, வெளிச்சமாக ஓர் ஒலி வரும்.

வலக்கையால் கட்ஆஃபை மிக மெதுவாக மூடுங்கள். மேலேயுள்ள கூர்மை முதலில் போகும், பிறகு நடுப்பகுதி, கடைசியில் அடிநாதம் மட்டும் நிற்கும், அதுவும் மறையும். மறுபடி திறங்கள். ரெசனன்ஸைப் பாதிக்கு ஏற்றிவிட்டு அதே பயணத்தைத் திரும்பச் செய்யுங்கள். இப்போது குமிழ் நகரும் வழியெல்லாம் அந்த ஒரே சுரத்துக்குள் ஒளிந்திருந்த மேல்சுரங்கள் ஒவ்வொன்றாகப் பளிச்சிடும். இந்த ஒரு பயிற்சியில் ஒரு மாலையைச் செலவழித்தாலும் வீணில்லை. அனலாக் சிந்தசைசரின் குணம் பெரும்பங்கு ஃபில்டரில்தான் இருக்கிறது. மினிமூக் ஃபில்டர், வெட்டும் இடத்துக்கு மேலே ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்ற கணக்கில் குறைக்கும். அந்தச் சரிவு செங்குத்தானது, அதனால்தான் அதன் பேஸ் அவ்வளவு உருண்டையாகக் கேட்கிறது. ரெசனன்ஸை உச்சிக்குக் கொண்டுபோனால் ஃபில்டர் தானே விசிலடிக்கும். அதற்கு முன் வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இரண்டாவது ஆசிலேட்டரைத் திறந்து, முதலாவதோடு ஒரே சுருதிக்குக் கொண்டுவாருங்கள். தம்புரா சுருதி சேர்த்துப் பார்த்தவர்களுக்கு இது பழகிய வேலை. சுருதி நெருங்க நெருங்க ‘வாவ் வாவ்’ என்ற அலை மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் 2 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு இரண்டு அலை. சிந்தசைசரில் முழுக்கச் சேர்க்காமல் ஒரு மயிரிழை விலக்கி வையுங்கள். ஒலி உயிரோடு அசையும்.

இப்போது ஒரு பேஸ் ஒலி. கட்ஆஃப் கால்வாசி, ரெசனன்ஸ் மூன்றில் ஒரு பங்கு, ஃபில்டர் என்வலப் அளவு பாதி, அதன் அட்டாக் பூஜ்யம், டிகே குட்டை, சஸ்டெயின் பூஜ்யம். தட்டினால் ‘டௌ’ என்று திறந்து மூடும். மினிமூக் வகையில் ரிலீஸுக்குத் தனிக் குமிழ் இருக்காது. கையை எடுத்த பிறகும் ஒலி நீள வேண்டுமென்றால் டிகே ஸ்விட்சைப் போட வேண்டும்.

மினிமூகில் ஒலியைச் சேமிக்கும் வசதி கிடையாது. அமைத்ததை எல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளும் பல்சுர சிந்தசைசராக ப்ராஃபெட்-5 1978இல்தான் வந்தது. சேமிக்க முடியாத கருவியில் நல்ல ஒலி அமைந்தால் மொபைலில் முகப்பைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்து மறுபடி அமைத்தால் கிட்டத்தட்ட வரும், அப்படியே வராது. நான் படம் எடுத்தாலும், அந்த ஒலியைக் கையோடு பதிவும் செய்துவிடுவேன்.

இரண்டையும் சேர்த்து ஓட்டுவது

வோல்கா வகைகளை ஒரு 3.5 மில்லிமீட்டர் கேபிளால் இணைத்தால் ஒன்றின் வேகத்தில் மற்றொன்று ஓடும். மிடி (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொது மொழி) இருக்கும் கருவிகளில் மிடி கேபிள். 1983இல் வந்த டிஆர்-909இல் மிடி உண்டு, 808இல் இல்லை. 808இல் பின்பக்கம் மிடி மாதிரியே தெரியும் ஐந்து பின் வட்டத்துளை ஒன்று இருக்கும். அது டின் சிங்க், வேறு மொழி. ஓர் அடிக்கு 24 துடிப்பு அனுப்பும். பழைய கோர்க் கருவிகள் அதே மாதிரி 48 அனுப்பும். வோல்கா அனுப்புவது 2தான். ஆகவே இணைத்தபின் ஒன்று இரட்டை வேகத்தில் ஓடினாலோ பாதி வேகத்தில் நின்றாலோ கருவி பழுது என்று பயப்பட வேண்டாம். துடிப்பு எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். எம்எஸ்-20யும் மினிமூகும் சுருதிக்கு மின்னழுத்தத்தைக் கணக்கிடும் முறையிலேயே வேறுபடுகின்றன. ஒன்றின் கீபோர்டால் மற்றொன்றை நேரடியாக வாசித்தால் சுரங்கள் தப்பும்.

இனி கைதான் வாசிக்க வேண்டும்

ஒரு தாளம், ஒரு பேஸ் வரி. இரண்டையும் ஓடவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு எந்தப் படியையும் மாற்றாதீர்கள். குமிழ்கள் மட்டும். அதிலும் தொடக்கத்தில் இரண்டே குமிழ்: கிக்கின் டிகே இடக்கையில், சிந்தசைசரின் கட்ஆஃப் வலக்கையில். ஒன்றைக் கூட்டும்போது மற்றதைக் குறையுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துத் திறந்து, சட்டென்று மூடுங்கள்.

இந்தப் பழக்கத்திலிருந்து ஓர் இசைவகையே பிறந்தது. பேஸ் கிட்டாருக்கு மாற்றாக ரோலண்ட் விற்ற டிபி-303 அந்த வேலைக்குச் சரிப்படவில்லை, சீக்கிரமே செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு வந்துவிட்டது. சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவினர் அதில் ஒரு வரியை ஓடவிட்டு, ஓடும்போதே கட்ஆஃபையும் ரெசனன்ஸையும் திருகிக்கொண்டே இருந்தார்கள். 1987இல் வெளியான அந்தப் பதிவிலிருந்து ஆசிட் ஹவுஸ் கிளம்பியது. அதற்கும் ஐந்து வருடம் முன்னால், 1982இல், மும்பையில் சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் ஒரு டிபி-303, ஒரு டிஆர்-808, ஒரு ஜூபிட்டர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டாகப் போட்டார். அன்று அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோது உலகம் வியந்தது. டிபி-303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகும் ஸ்லைடு உண்டு. அதை ராகத்தில் வைத்து அவர் வாசித்திருப்பதைக் கேட்டால் அந்தச் சின்னப் பெட்டியில் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று தேடத் தோன்றும்.

பதிவு செய்யும்போது கருவிகளின் ஒலியை நேராக ஒரே எடுப்பில் எடுங்கள். பிறகு வெட்டி ஒட்டலாம் என்ற நினைப்பு இருந்தால் கை சோம்பிவிடும்.

பழைய கருவியை நேரில் பார்த்து வாங்கும்போது

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி சேரும், உடைந்து வரும் அபாயமும் உண்டு. முடிந்தவரை நேரில் போங்கள். சுவிட்சைப் போட்டதும் விலை பேசாதீர்கள். பழைய ஆசிலேட்டர்கள் சூடேறும்வரை சுருதி நகரும். கால் மணி நேரம் ஓடட்டும். அதற்குப் பிறகும் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் கோளாறு. அந்த நேரத்தில் ஒவ்வொரு குமிழையும் ஓரத்திலிருந்து ஓரம் வரை திருப்புங்கள். கரகர என்றால் பெரும்பாலும் தூசு, கான்டாக்ட் கிளீனரில் சரியாகும். திருப்பும்போது ஓரிடத்தில் ஒலி முழுக்க அறுந்தால் குமிழின் உள்பாகமே தேய்ந்திருக்கலாம். ஒவ்வொரு படி பட்டனையும் அழுத்திப் பாருங்கள். ஒரே அழுத்தலுக்கு இரண்டு தடவை எரிந்தால் சுவிட்ச் மாற்ற வேண்டும்.

பேட்டரி வைக்கும் இடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தாளங்களை நினைவில் வைக்க 808 போன்றவற்றில் பேட்டரி உண்டு. வருடக்கணக்கில் மறந்து விடப்பட்ட பேட்டரி ஒழுகி சர்க்யூட் பலகையை அரித்திருக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் விலை குறைவாக இருந்தாலும் யோசியுங்கள். எதுவும் வாசிக்காதபோதே ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்க வாய்ப்புண்டு. அவை மாற்றக்கூடியவை; அதற்குரிய செலவைக் கழித்துப் பேசுங்கள். நேரே மெயின்ஸில் ஓடும் கருவியை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் அவரிடம் கொடுங்கள், சர்வீஸ் மேனுவலையும் தேடி எடுத்துப் போங்கள்.

வீட்டுக்கு வந்தபின், மேலே ஒரு துணி போட்டு மூடி வையுங்கள். வாசிக்காத மாதங்களிலும் ஒருமுறையாவது மின்சாரம் கொடுத்து, எல்லாக் குமிழ்களையும் முழுச்சுற்று திருப்பிவிடுங்கள். பேட்டரியை வருடத்துக்கு ஒருமுறை மாற்றி, மாற்றிய தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவையுங்கள்.